வாசல் தேடி வந்த மருத்துவம்

கேரளத்தின் தென்கோடியில், தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லைப் பகுதியில் அமைந்தவை பாறசாலையும் நெய்யாற்றின்கரையும். இவை திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த காலத்தில், வெறுங்காலுடன் வயலில் உழைத்த மக்களைக் கொக்கிப்புழு நோய் வாட்டியது. மலத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈரமண்ணில் பொரிந்து புழுக்களாகும். அப்புழுக்கள் காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலை அடைந்து குருதியை உறிஞ்சும். மருந்து உண்டவர் நலம் பெறுவர். ஆயினும் மாசுற்ற அதே மண்ணில் நடந்தால் நோய் மீண்டும் பற்றும்.

1929ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை திருவிதாங்கூரின் பொதுச் சுகாதாரப் பணிக்குத் துணைநின்றது. அதன் உதவித்தொகையைப் பெற்ற மருத்துவர் சிலர், வெளிநாடு சென்று பொதுச் சுகாதாரம் பயின்று திரும்பினர். 1930களில் நெய்யாற்றின்கரையில் சுகாதார நிலையம் ஒன்று இயங்கியது. நோயாளியின் வருகைக்குக் காத்திராமல், ஊருக்குள் சென்று நோயைத் தடுப்பதே இத்தகைய நிலையங்களின் நோக்கம். கழிப்பறை அமைத்தல், அம்மை குத்துதல், தாய்சேய் நலம் பேணுதல் ஆகியன அவற்றின் பணிகள்.

கடல் கடந்து கற்ற கல்வி, சிற்றூரின் வாசலை அடையும்போதே பயன் தருகிறது.

சிந்தித்து எழுதுக: மருந்தால் மட்டும் கொக்கிப்புழு நோயை ஒழிக்க இயலாதது ஏன்?