கடை ஷட்டர்போலக் கதவு

கேள்வி: ஸ்கை டைவிங் விமானத்தில் இருக்கையே கிடையாதாமே, உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். செஸ்னா காரவானை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் முதன்முதலாகப் பறந்த ஒற்றை இன்ஜின் டர்போபிராப்; சரக்கு, தபால், பயணிகள் என எதைப் போட்டாலும் சுமக்கும் விமானம். குதிப்பவர்களுக்காக மாற்றும்போது இருக்கைகளைக் கழற்றிவிடுவார்கள். தரையிலோ நீள பெஞ்சிலோ, நம்மூர் ஷேர் ஆட்டோபோல நெருக்கியடித்து உட்கார வேண்டியதுதான். பெல்ட் மட்டும் உண்டு. பக்கவாட்டில், கடை ஷட்டர்போல மேலே ஏற்றும் கதவு. வெளியே கால் வைக்கப் படி, பிடித்துக்கொள்ளக் கம்பி.

சிலர் இன்ஜினையே மாற்றுகிறார்கள்: 675 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 900. சுமார் 13,000 அடிக்குச் சீக்கிரம் ஏறினால் ஒரு நாளைக்கு இரண்டு நடை கூடுதலாக ஓட்டலாமே! காசு அங்கேதான்.

விமானிக்கு வயிற்றைக் கலக்கும் நேரம் வேறு. குதிக்கும் முன் எல்லோரும் பின்பக்கக் கதவருகே குவிந்தால் எடை பின்னால் சாயும், மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும். அளவு மீறினால் இறக்கை காற்றில் பிடிமானம் இழந்துவிடும். அதனால்தான் கதவருகே எத்தனை பேர் நிற்கலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.