துக்கத்தினால் வரும் தூக்கம்

வேத பாடம்: மத்தேயு 26:36–46, லூக்கா 22:39–46



கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர் மூன்று சீஷரிடம் கேட்டது சிறிய காரியம். தம் பாடுகளை அவர்கள் சுமக்கவேண்டுமென்று அவர் கேட்கவில்லை. தம்மோடுகூட விழித்திருக்கும்படி மாத்திரம் கேட்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள். அதன் காரணத்தை லூக்கா மாத்திரம் எழுதிவைத்தார். அவர் ஒரு வைத்தியர் அல்லவா? அது சோம்பல் அல்ல, துக்கம் கொண்டுவந்த தூக்கம் என்று அவர் கண்டுகொண்டார்.

கடும் நோயாளிகளைக் கவனிக்கிற டாக்டர்களுக்கும் செவிலியருக்கும் இதே தூக்கம் வருவதுண்டு. கண்கள் திறந்திருக்கும்; மனம் மூடிக்கொள்ளும். கை ஊசி போடும், வாய் "சரியாயிடும்" என்று சொல்லும். காது மட்டும் கேட்காது. "இந்த சிஸ்டருக்குக் கல் மனசு" என்று உறவினர் சொல்லுவார்கள். பல வேளைகளில் அது கல் மனசு அல்ல. நேற்று இறந்தவருக்காக அழ நேரமில்லாமல் இன்றைய கட்டிலுக்கு வந்து நிற்கிற மனசு.

விழித்திருத்தலும் ஒரு சிகிச்சை

இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலியர், பின்பு மருத்துவமனைச் சமூகசேவகி, அதன்பின் டாக்டர். அவர் சந்தித்த டேவிட் தஸ்மா என்ற புற்றுநோயாளி, மரிக்குமுன் 500 பவுன் அவர் பணிக்கென்று விட்டுச்சென்றார். 1967ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் திறக்கப்பட்டது. கெத்செமனேயின் அந்த அழைப்பையே அம்மையார் தம் ஊழியத்தின் அஸ்திபாரமாக வைத்தார். சரீரம், மனம், குடும்பம், ஆத்துமா ஆகிய நான்கின் வேதனையும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று போதித்தார். மணி தவறாமல் வலிமருந்து கொடுப்பதிலும் உறுதியாயிருந்தார். கவனம் மருந்துக்குப் பதில் அல்ல. இரண்டும் சேர்ந்தே நடக்கவேண்டும்.

நம் மாவட்டங்களில்

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சை தருவதும் அடங்கும். வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டுக்குள் போகும் செவிலியரை எண்ணிப்பாருங்கள். மருத்துவமனையில் தோள்கொடுக்கச் சக ஊழியர் உண்டு. வீட்டில் அவர் தனியே நிற்கிறார். திருச்சிக்கும் சென்னைக்கும் அலைந்து, வெங்காயம் விற்ற பணத்தையும் செலவழித்துவிட்ட குடும்பம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பத்து நிமிஷம் அவர் மனம் அங்கே இருக்கிறதா என்பது அவர்களுக்குப் பெரிய காரியம்.

மூன்று பழக்கங்கள்

1. கை கழுவும்போது தண்ணீரின் குளிர்ச்சியை உணர்ந்து, ஒரு மூச்சு நிதானமாய் விட்டு, அடுத்த நோயாளியின் பெயரை மனதில் சொல்லுவது. கை எப்படியும் கழுவத்தானே வேண்டும். இதற்குத் தனி நேரம் தேவையில்லை.

2. இரண்டு நிமிஷமானாலும் உட்கார்ந்து பேசுவது. நின்று பேசுகிறவர் புறப்படத் தயாராயிருக்கிறார் என்றே நோயாளி எண்ணுவார்.

3. மரணம் நேர்ந்தபின் எல்லாரும் சற்று அமைதியாய் நிற்பது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் தொடங்கிய இவ்வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. மரித்தவருக்கு அது மரியாதை. நிற்பவருக்கோ துக்கத்தை இறக்கிவைக்க ஓர் இடம்.

"ஐயா, மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற இது வேறு மார்க்கத்துத் தியானம் அல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-சின் இதை ஒரு பயிற்சியாக அமைத்தபோது, பௌத்த தியானத்திலிருந்தே எடுத்தார். மதச் சடங்குகளை அதில் சேர்க்கவில்லை. அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் எதிரில் இருக்கும் மனுஷனை முழுமனதோடு பார்ப்பது எந்த ஒரு மார்க்கத்துக்கும் தனிச்சொத்து அல்ல. விசுவாசியான செவிலியர் அந்த ஒரு மூச்சை ஜெபமாக்கலாம். உடன் ஊழியம் செய்கிற மற்றவர் மௌனமாயிருக்கலாம்.

ஒரு எச்சரிப்பும் வேண்டும். இரண்டு பேர் செய்யவேண்டிய வேலையை ஒருவர்மேல் சுமத்திவிட்டு, "மூச்சைக் கவனியுங்கள், சிஸ்டர்" என்று சொல்வது நீதியல்ல. போதுமான ஆட்களும், வாரத்தில் ஓய்வும், மனம்விட்டுப் பேச ஒருவரும் அவர்களுக்கு வேண்டும். தூங்கின சீஷரை ஆண்டவர் கண்டித்தார்; ஆனாலும் அவர்களுடைய மாம்சத்தின் பலவீனத்தையும் அறிந்திருந்தார். அவர்களைத் தள்ளிவிடவில்லை.

சிந்திக்க:

உங்கள் சபையில் செவிலியர் யார்? அவர் கடைசியாக யாருக்காகத் துக்கப்பட்டார் என்று கேட்டிருக்கிறீர்களா?

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒருவரிடமாவது கேளுங்கள். புத்தி சொல்லவேண்டாம், அவர் பேசி முடிக்கும்வரை உடனிருங்கள். விழித்திருக்கிறவர்களோடு நாமும் விழித்திருப்போமாக.