தொற்றுநோய்க் காலத்தில் உழவர் சந்தை

சந்தை என்றால் கூட்டம். கூட்டமில்லாத சந்தையைச் சந்தையென்று எவரும் மதிப்பதில்லை. தோளோடு தோள் உரச நின்று, உரக்கப் பேரம் பேசி, கத்தரிக்காயை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து வாங்குவது நம் வழக்கம். சாதாரண நாட்களில் சந்தைக்குக் களை தரும் இவ்வழக்கமே, தொற்றுநோய் பரவும் நாட்களில் வினையாக முடிகிறது. ஆகையால் நோய் தலைகாட்டியவுடன் சந்தையை மூடிவிடுவதே உத்தமம் என்று பலர் எண்ணுகின்றனர். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியபோது நம் மாநிலத்தில் நேர்ந்தவற்றைச் சற்று ஆராய்ந்தால், இவ்வெண்ணத்தில் உள்ள குறை புலப்படும். விற்கும் உழவரும் வாங்கும் நெசவாளரும் நம் சங்கத்தில் ஒருங்கே அங்கத்தினராயிருப்பதால், இருவரும் சேர்ந்து படிக்கவேண்டிய பாடம் இது.

சென்னையிலுள்ள கோயம்பேடு மார்க்கெட் 1996இல் தொடங்கப்பெற்றது. 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் 26ஆம் தேதி முதல் நான்கு நாட்களுக்கு முழு ஊரடங்கு நிலவும் என்று அரசு அறிவித்தது. நடுவில் இருந்தது ஒரே நாள். அந்த 25ஆம் தேதியன்று, நான்கு நாட்களுக்கு வேண்டிய காய்கறியை வாங்கிவிட ஜனங்கள் கடைவீதிகளிலும் மார்க்கெட்டுகளிலும் திரண்டனர். சில நாட்களுக்குள் கோயம்பேட்டு வியாபாரிகளுக்கும் சுமை தூக்குவோருக்கும் நோய் பரவியிருப்பது தெரிய வந்தது. மே 5 அன்று மார்க்கெட் மூடப்பட்டது. கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களுக்குத் திரும்பிய தொழிலாளர் பலரிடமும் நோய் காணப்பட்டது. மொத்தக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் மாதக் கடைசியில்தான் கோயம்பேட்டுக்குத் திரும்பியது.

பழி முழுவதையும் அந்த ஒரு நாள் கூட்டத்தின்மேல் சுமத்துவது நியாயமன்று. இரவெல்லாம் லாரிகளில் சரக்கு இறக்கி, நெருக்கமான இடங்களிலேயே உண்டு உறங்கும் தொழிலாளருக்கு விலகி நிற்க இடமேது? ஆயினும் அந்நாள் நமக்கு ஒரு கணக்கைக் கற்பிக்கிறது. அதை நாமே போட்டுப் பார்ப்போம்.

ஓர் உழவர் சந்தைக்கு ஒரு காலையில் 600 பேர் வருவதாகவும், ஒவ்வொருவரும் 20 நிமிடம் உள்ளே இருப்பதாகவும் கொள்வோம். சந்தை ஆறு மணி நேரம் நடந்தால், மணிக்கு 100 பேர் வருவர். எந்த நேரத்தில் எண்ணினாலும் உள்ளே சுமார் 33 பேர் இருப்பர். இனி, நோய்க்கு அஞ்சிச் சந்தையை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். வருவோர் அதே 600 பேர். அவர்கள் வீட்டில் அடுப்பெரிவது நிற்கவில்லை. மணிக்கு 300 பேர் வருவர். ஒரே சமயத்தில் உள்ளே 100 பேர் நிற்பர். நேரத்தை மூன்றில் ஒன்றாக்கினோம், நெருக்கம் மூன்று மடங்காயிற்று! கட்டுப்பாடு என்று நாம் செய்தது நோய்க்கு உதவியாக முடிந்தது. ஆகவே நேரத்தைக் குறைப்பதற்கு மாறாக நீட்டவேண்டும். ஒரு சந்தையைப் பல இடங்களாகப் பிரிக்கவேண்டும். பண்டிகைக்கு முந்திய நாளில் விடுமுறை அறிவிக்கவே கூடாது. உள்ளே ஒருவர் தங்கும் நேரத்தைக் குறைப்பதும் அதே பலனைத் தரும். 20 நிமிடத்தைப் 10 நிமிடமாக்கினால் நெருக்கம் பாதியாகிறது.

அந்தப் பத்து நிமிடத்தைச் சேமிப்பது எங்ஙனம்? ஒரு சந்தையில் நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம். தரையில் சுண்ணாம்பால் வட்டங்கள் அழகாகப் போட்டிருந்தார்கள். வட்டங்கள் காலியாக இருந்தன. ஜனங்கள் தராசைச் சுற்றி நின்றார்கள். எடையைக் கண்ணால் காணாமல் எவர் காசு கொடுப்பார்? சந்தையில் கூட்டம் சேரும் இடம் தராசுதான் என்பதை அன்று அறிந்தோம். ஆதலின் வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய் முதலியவற்றை அரைக் கிலோ, ஒரு கிலோ என்று முன்னதாகவே நிறுத்துப் பைகளில் கட்டி வைத்தல் நலம். எடையில் ஐயமுள்ளவர் சரிபார்த்துக்கொள்ள, வெளியேறும் வழியில் பொதுத் தராசு ஒன்று இருக்கட்டும். விலைப் பலகையைத் தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிதாக எழுதவேண்டும். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்ட நாள் முதலாக, அன்றன்று விலை குறித்து எழுதும் முறை அங்கே உண்டு. பேரத்தைக் குறைக்க வந்த அம்முறை நோய்க் காலத்தில் வேறொரு நன்மையும் செய்கிறது. உரக்கப் பேசுபவரின் வாயிலிருந்து மெல்லப் பேசுபவரைவிட மிகுதியான நுண்துளிகள் வெளிப்படுகின்றன. பேரம் இல்லையேல் கூச்சலும் இல்லை.

இந்நோய் பெரிதும் மூச்சுக் காற்றின் வழியே பரவுகிறது. தொடக்கத்தில் இது பலருக்கு விளங்காமையால் வீண் வேலைகள் பல நடந்தன. 2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தைக்கு வருவோர்மீது மருந்து நீரைத் தெளிக்கும் சுரங்கவழி ஒன்று அமைக்கப்பட்டு, வேறு ஊர்களுக்கும் பரவியது. உடம்பின்மேல் மருந்து தெளிப்பதால் உள்ளேயுள்ள கிருமி சாகாது, கண்ணுக்கும் தோலுக்கும் கேடு என்று சுகாதாரத் துறையினர் பின்னர் அதைக் கைவிடச் செய்தனர். காய்கறியைச் சோப்பு நீரில் கழுவியவர்களும் உண்டு! உண்ணும் பொருளில் சோப்பு தங்கினால் வயிற்றைக் கெடுக்கும். ஓடும் நல்ல நீரில் கழுவுவதும், சந்தையிலிருந்து திரும்பியவுடன் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் போதும்.

காற்றே வழியென்றால், காற்றோட்டமே காப்பு. அவ்வாண்டில் பல ஊர்ச் சந்தைகள் பஸ் நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் மாற்றப்பட்டது இவ்வகையில் மிகவும் பொருத்தமான ஏற்பாடு. ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சி நாற்புறமும் தார்ப்பாயைக் கட்டிவிட்டால் மைதானமும் அறையாகிவிடும். மேலே மட்டும் நிழலிருக்கட்டும். உட்செல்ல ஒரு வழியும் வெளிவர மற்றொரு வழியும் வேண்டும். கடைகளை எதிரெதிராக அமைக்காமல் ஒரே வரிசையாக, இடைவெளி விட்டு அமைக்கவேண்டும்.

முகக்கவசத்தைப் பற்றி நெசவாளர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே இழை நெருக்கத்தைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். துணிக் கவசம் மூன்று அடுக்காயிருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் அறிவுறுத்தியது. துணியைவிட என்-95 வகை மிகுந்த காப்பளிப்பது. எதுவாயினும் கன்னத்தின் ஓரம் இடைவெளி விடாமல் பொருந்தவேண்டும். தாடையில் தொங்கும் கவசம் தாடைக்கு மட்டுமே காவல்.

வாங்குவோர் கடமை சிறிது. வீட்டுக்கு ஒருவர், வாரத்திற்கு இரு முறை, கையில் பட்டியல், சரியான சில்லறை. ஊர்க்கதை வேறொரு நாளைக்கு.

விற்பவரின் நிலைமையோ வேறு. வாங்குபவர் நான்கைந்து கடைக்காரரைச் சந்திக்கிறார். கடைக்காரரோ ஒரு காலையில் நூறு பேருக்கு முகம் கொடுக்கிறார். அவருக்குக் காய்ச்சல் கண்டால் பலருக்கும் பரவ வழியுண்டு. ‘காய்ச்சல் உள்ளவர் சந்தைக்கு வரக்கூடாது’ என்று பலகை எழுதி மாட்டுவது எளிது. அவர் வீட்டில் இருப்பார். பறித்த வெண்டைக்காய் இருக்குமா? வைத்திருக்க வைத்திருக்க வதங்கிவிடும். கீரை மாலைக்குள் வாடிவிடும். விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடனை எண்ணி அவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்து உட்காருவார். அவரைக் குறை கூறுவதற்குமுன், அவர் வராமலிருக்க நாம் என்ன வசதி செய்தோம் என்று கேட்கவேண்டும்.

இங்கேதான் கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. நோயுற்ற அங்கத்தினரின் சரக்கைப் பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்துச்சென்று விற்றுத் தரும் ஏற்பாட்டைச் சங்கமே செய்யலாம். சரக்கை வேலியோரத்தில் வைத்தால் போதும். வீட்டிற்குள் நுழைய வேண்டியதில்லை. எடைச் சீட்டு இரண்டு பிரதி எழுதி, ஒன்றை உரியவரிடமும் ஒன்றைச் சங்க அலுவலகத்திலும் வைத்தால் பின்னால் மனத்தாங்கலுக்கு இடமிராது. விற்றுத் தருபவருக்குக் கூலி எவ்வளவு, விற்காமல் மீந்ததன் நஷ்டத்தில் சங்கம் ஏற்கும் பங்கு எவ்வளவு என்பவற்றை நோய் வருமுன்பே பொதுக்குழுவில் தீர்மானித்து எழுதி வைக்கவேண்டும். 2021 மே 24 முதல் முழு ஊரடங்கில் காய்கறி வாகனங்கள் தெருத்தெருவாக வந்தபோது, பத்துக் கிலோ கத்தரிக்காய் மட்டுமே உள்ள சிறு உழவர் தனியே ஒரு வாகனம் அமர்த்த முடியுமா? இருபது பேரின் சரக்கு சேர்ந்தால் ஒரு வண்டி நிறையும். எந்த இருபது பேர், எந்தத் தெருவுக்கு எவர் வண்டி என்னும் பட்டியலை அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திலேயே தயாரித்துவிடலாம்.