மூச்சு வாங்கும் நாய்க்கு எக்ஸ்ரேக்கு முன் ஸ்கேன் ஏன்?

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு 11 வயது. இதயத்தில் மர்மர் இருப்பதாக முன்பே சொல்லியிருந்தார்கள். சென்ற வாரம் நள்ளிரவில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்கவே இல்லை, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. கிளினிக்கில் ஆக்சிஜன் வைத்தபடியே நெஞ்சில் ஸ்கேன் பார்த்து ஊசி போட்டார்கள். எக்ஸ்ரே மறுநாள்தான் எடுத்தார்கள். ஸ்கேன் வயிற்றுக்குத்தானே டாக்டர்? நுரையீரலில் அதற்கு என்ன தெரியும்? இரட்டைச் செலவோ என்று வீட்டில் பேச்சு.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் டாக்டர் செய்ததுதான் சரி. நெஞ்சு எக்ஸ்ரேக்கு நாயை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், சில சமயம் மல்லாத்தவும் வேண்டும். உட்கார்ந்தால்தான் மூச்சு வரும் என்று தவிக்கிற நாயை அப்படி அமுக்கிப் பிடித்தால் மேசையிலேயே உயிர் போய்விடலாம். ஸ்கேனில் அந்த ஆபத்து மிகக் குறைவு. நாய் நிற்கலாம், உட்காரலாம். முடியை மழிக்கக்கூட வேண்டியதில்லை; ஸ்பிரிட்டால் நனைத்து விலக்கிவிட்டு, விலா இடுக்கில் ப்ரோபை வைத்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

உங்கள் சந்தேகமும் நியாயமானதே. ஸ்கேன் ஒலியலையால் பார்ப்பது; காற்று அந்த ஒலியலையை உள்ளே விடாது. அதனால் நுரையீரலுக்கு ஸ்கேன் உதவாது என்றே டாக்டர்களும் வெகுகாலம் நம்பினார்கள். காற்றால் திரையில் விழும் பொய்க்கோடுகளையே தடயமாகப் படிக்கலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பிரான்சின் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன். மனிதர்களுக்கான அவருடைய ‘ப்ளூ’ முறை 2008-இல் வெளியானது. நாய், பூனைகளுக்கு ‘வெட் ப்ளூ’ என்ற முறையை வகுத்தவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கிரிகரி லிசியாண்ட்ரோ.

காற்று நிறைந்த நல்ல நுரையீரல் என்றால் படுக்கைக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். நீர் கோத்திருந்தால் நுரையீரலின் மேற்பரப்பிலிருந்து திரையின் அடிவரை வெள்ளைக் கோடுகள் இறங்கி, மூச்சோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடும். ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. இரு பக்கமும் பல இடங்களில், ஒரே காட்சியில் மூன்றுக்கு மேல் தெரிந்து, இதயத்தின் இடது மேலறையும் பெருத்திருந்தால், இதயக் கோளாறால் கோத்த நீர் என்றே முதலில் சந்தேகிப்போம். உங்கள் நாய்க்குப் போட்டது சிறுநீரைப் பிரிக்கும் லேசிக்ஸ் ஊசியாக இருக்கும். கோடுகள் நெஞ்சின் கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்தால், வாந்தியோ தீனியோ புரையேறி வந்த நிமோனியாவா என்று பார்ப்போம். அதற்கு வைத்தியமே வேறு. நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கியிருந்தால் கறுப்பாகத் தெரியும், ஊசி குத்தி எடுத்துவிடலாம்.

எக்ஸ்ரே வீண்செலவு இல்லை. மேற்பரப்பைத் தொடாமல் ஆழத்தில் இருக்கும் கட்டி ஸ்கேனுக்குச் சிக்காது. பொமரேனியன்களுக்கு அடிக்கடி வரும் மூச்சுக்குழாய் சப்பையாகும் நோயில் நுரையீரல் ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும். இத்தனை திணறலுக்கும் நுரையீரல் சுத்தம் என்றால் கோளாறு தொண்டையிலோ குழாயிலோ என்று அதுவும் ஒரு துப்புதான்.

இனி வீட்டில், நாய் அயர்ந்து தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-ஐத் தாண்டினால் சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்; மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.