படைமுகாம் பல்கலைக்கழகமான கதை
நிலம் மாறும்போது தொழிலாளர் குடும்பம் கற்க வேண்டிய பாடம்

நிலம் இடம் பெயர்வதில்லை. அதன் பயனே காலத்திற்குக் காலம் மாறுகிறது. ஒரு தலைமுறை காடாகக் கண்ட இடத்தை மறு தலைமுறை தோட்டமாகக் காண்கிறது. அதற்கடுத்த தலைமுறை அதையே நகரமாகக் காண்கிறது. ஜொகூரின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. 1972-ஆம் ஆண்டில் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான கெஜோரா அமைக்கப்பட்டது. அதன் திட்டத்தின்படி உருவான நகரங்களுள் ஒன்றே பண்டார் தெங்காரா. காடு திருத்தப்பட்டது, சாலை வந்தது, கடைவீதி வந்தது, பள்ளி வந்தது.

இத்தகைய மாற்றங்களைக் காணும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நிலத்தின் பயன் மாறும்போது, அந்நிலத்தை நம்பி வாழ்ந்தோரின் வாழ்வு என்னவாகிறது? இதற்கு விடை தேடும் பொருட்டு, நம் நாட்டிலேயே ஒரு படைமுகாம் பல்கலைக்கழகமாக மாறிய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

மிண்டன் முகாம்

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், குளுகோர் என்னும் பகுதி உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே ஒரு படைமுகாம் இருந்தது. அதன் பெயர் மிண்டன் முகாம். மிண்டன் என்பது ஜெர்மனி நாட்டிலுள்ள ஓர் ஊர். 1759-ஆம் ஆண்டில் அவ்வூருக்கு அருகே நடந்த போரில் ஆங்கிலேயக் காலாட்படைப் பிரிவுகள் வெற்றி பெற்றன. அவ்வெற்றியின் நினைவாகவே முகாமுக்கு இப்பெயர் வழங்கலாயிற்று.

1957-ஆம் ஆண்டில் மலாயா விடுதலை பெற்ற பின்னரும், தற்காப்பு ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயப் படைகள் இங்கே தங்கியிருந்தன. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதல் 1966-இல் முடிவுக்கு வந்தது. பிரிட்டனுக்கோ பொருளாதார நெருக்கடி. எனவே 1968 ஜனவரியில், 1971-ஆம் ஆண்டு முடிவதற்குள் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தன் படைகளைப் பெருமளவில் மீட்டுக்கொள்வதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. படைவீரர் புறப்படுவர், அவர்கள் இருந்த முகாம்கள் எஞ்சும். அவற்றை என்ன செய்வது என்னும் வினா எழுந்தது.

பினாங்கு மக்களின் கோரிக்கை

அக்காலத்தில் நம் நாட்டில் இருந்த ஒரே பல்கலைக்கழகம் கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகமேயாகும். வடபகுதியிலும் ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டுமென 1962-ஆம் ஆண்டிலேயே பினாங்குச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. சுங்கை ஆரா என்னுமிடத்தில் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1967 ஆகஸ்டு 7-ஆம் நாள் அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார்.

1969-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. முதலில் பினாங்குப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்று, பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமாயிற்று. அதன் முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் ஹம்சா செண்டுட் ஆவார். ஆனால் அதற்கெனச் சொந்தக் கட்டடம் அப்போது இல்லை. புக்கிட் குளுகோரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கட்டடங்களை இரவல் பெற்றே வகுப்புகள் நடந்தன. 1971-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 416 ஹெக்டர் பரப்புள்ள மிண்டன் முகாம் நிலத்திற்குப் பல்கலைக்கழகம் குடிபெயர்ந்தது. சுங்கை ஆராவில் அடிக்கல் நாட்டப்பட்ட பல்கலைக்கழகம், படைவீரர் விட்டுச்சென்ற இடத்தில் வேரூன்றியது.

முகாம் ஏன் கல்விக்கூடத்திற்கு ஏற்றது?

பெரிய படைமுகாம் என்பது ஏறக்குறைய ஒரு சிற்றூர். சாலை, குடிநீர், மின்சாரம், கழிவுநீர்க் கால்வாய் ஆகியவை அங்கே முன்னரே அமைந்துள்ளன. வீரர் தங்கிய நீண்ட கட்டடங்களை மாணவர் விடுதியாகவும் அலுவலகமாகவும் வகுப்பறையாகவும் பயன்படுத்தலாம். திடல் விளையாட்டு மைதானமாகும். நிழல் தரும் மரங்களும் வளர்ந்து நிற்கும். காட்டை வெட்டிப் புதிதாகத் தொடங்குவதைவிடச் செலவும் காலமும் குறைகின்றன. மிண்டனிலும் பழைய கட்டடங்கள் பல கல்விப் பணிக்குப் பயன்பட்டன.

ஆயினும் பழைய கட்டடம் எல்லாவற்றுக்கும் போதாது. ஆய்வுக்கூடத்திற்குத் தனி நீர்க்குழாயும், எரிவாயுவும், நச்சுப்புகை வெளியேறும் வழியும் தேவை. நூலகம் புத்தகங்களின் எடையைத் தாங்க வேண்டும். இவற்றைப் புதிதாகக் கட்டியே ஆகவேண்டும். மேலும், படைகள் பயிற்சி செய்த நிலத்தில் வெடிக்காத குண்டுகளும் எண்ணெய்க் கழிவும் மண்ணில் புதைந்திருக்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1917-இல் தொடங்கப்பட்ட ஃபோர்ட் ஓர்ட் என்னும் பெரும் படைத்தளம் 1994-இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அதன் ஒரு பகுதியில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் தளத்தின் ஏனைய பகுதிகளில் வெடிபொருள்களை அகற்றும் பணி அதன் பின்னரும் பல்லாண்டுகள் தொடர்ந்தது. நிலத்தைப் பெறுவது எளிது. அதைத் துப்புரவாக்குவதே கடினம்.

இந்தியாவிலும் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு உண்டு. வங்காளத்தின் கரக்பூருக்கு அருகே ஹிஜ்லி என்னுமிடத்தில், விடுதலைப் போராட்ட வீரர்களை அடைத்துவைக்க 1930-இல் ஆங்கிலேயர் தடுப்பு முகாம் ஒன்றை அமைத்தனர். 1931 செப்டம்பரில் அங்கே காவலர் சுட்டதில் கைதிகள் இருவர் உயிர் நீத்தனர். நாடு விடுதலை பெற்றபின், அதே கட்டடத்தில் இந்தியாவின் முதல் தொழில்நுட்பக் கழகம் இயங்கத் தொடங்கியது. அடைத்துவைக்கக் கட்டிய சுவர்களுக்குள் பொறியாளர் உருவாயினர்.

முகாமில் உழைத்தவர் நிலை

இங்கே நாம் மறக்கக்கூடாத ஒரு செய்தி உண்டு. படைமுகாமில் வீரர் மட்டும் இருப்பதில்லை. சமையற்காரர், துணி வெளுப்போர், தோட்டக்காரர், ஓட்டுநர், எழுத்தர், இயந்திரப் பழுது பார்ப்போர் எனப் பலர் அதை நம்பி வாழ்கின்றனர். முகாம் மூடப்பட்டால் இவர்களுடைய வேலையும் போகிறது. நம் மக்களும் இத்தகைய வேலைகளில் பெருந்தொகையினராக இருந்தனர்.

சிங்கப்பூரில் இந்த நெருக்கடி மிகப் பெரிதாக இருந்தது. அந்நாட்டுப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆங்கிலேயப் படைத்தளங்களைச் சார்ந்திருந்தது. ஆகவே அந்நாட்டு அரசு, தளங்களை மாற்றுப் பயனுக்குக் கொண்டுவரத் தனித் துறை அமைத்தது. 1968-இல் செம்பவாங் கடற்படைக் கப்பல்துறை வணிகக் கப்பல்களைப் பழுது பார்க்கும் நிறுவனமாக மாற்றப்பட்டது. வேலையிழக்க இருந்தோருக்குப் புதுத் தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட்டது. கைத்தொழில் அறிந்தவன் புதிய நிறுவனத்தில் விரைவில் இடம் பெற்றான். தொழில் ஏதும் கல்லாதவனுக்கோ வழி கடினமாயிற்று. அன்றைய அனுபவம் நமக்கும் பாடமாகும்.

கதவு யாருக்குத் திறந்தது?

மிண்டன் வரலாற்றில் தொழிலாளர் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு சிறப்பு உண்டு. புதிய வளாகத்திற்கு வந்த அதே 1971-ஆம் ஆண்டில், பல்கலைக்கழகம் வளாகத்திற்கு வெளியிலுள்ளோருக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுள் இத்தகைய ஏற்பாட்டை முதலில் செய்தது இதுவே. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்க இயலாதவர்கள், பணியிலிருந்தபடியே அஞ்சல் வழியாகப் பாட ஏடுகளைப் பெற்றுப் படித்தனர். குறிப்பிட்ட காலத்தில் மட்டும் வளாகத்திற்கு வந்து தீவிர வகுப்புகளில் அமர்ந்தனர். ஆசிரியர்களும் எழுத்தர்களும் இவ்வழியாகப் பட்டதாரிகளாயினர். வேலியிட்ட முகாமாக இருந்த இடம், வேலிக்கு அப்பால் இருப்போரையும் மாணவராக ஏற்றுக்கொண்டது.

1972-ஆம் ஆண்டில் நாட்டின் முதல் மருந்தியல் பட்டப்படிப்பும் இங்கேதான் தொடங்கியது. பின்னர் மருத்துவ வளாகம் கிளந்தானிலுள்ள குபாங் கிரியானிலும், பொறியியல் வளாகம் நிபோங் திபாலிலும் அமைந்தன.

மங்கிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

தொழில்நுட்பம் என்றால் நமக்குத் தொடர்பில்லாதது என்று எண்ணுவது தவறு. விடியற்காலையில் உளி பிடித்துப் பட்டையைச் சீவி, மங்கில் பால் சேர்ப்பவர் அறிவியலின் வாயிலில் நிற்கிறார். பாலின் நூறு பங்கில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்கே ரப்பர். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி நீர். ரப்பர்த் துகள்கள் எதிர் மின்னூட்டம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கி, நீரில் மிதந்து நிற்கின்றன. ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றும்போது அம்மின்னூட்டம் நீங்குகிறது. துகள்கள் ஒன்றுசேர்ந்து பால் உறைகிறது. பாலைத் திரவமாகவே வைத்திருக்க அம்மோனியா சேர்ப்பதும் இதே அறிவியலின் மறுபக்கமாகும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற கல்விக்கூடங்களில் ரப்பர் தொழில்நுட்பம் பயில்வோர் ஆராய்வது இத்தகைய செய்திகளையே. நாள்தோறும் கையால் செய்யும் வேலையின் காரணத்தை நம் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னால், அதுவே அவனுக்கு முதல் வேதியியல் பாடம்.

நாம் செய்யத்தக்கவை

1980-களுக்குப் பின்னர் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. வேலையோடு வீடும் போவதே தோட்டத் தொழிலாளியின் தனித்துன்பம். ஆகவே இரண்டு செய்திகளைத் தெரிந்து வைத்திருத்தல் வேண்டும்.

முதலாவது, சட்ட உரிமை. தீபகற்ப மலேசியாவில் 1980-ஆம் ஆண்டின் பணிநிறுத்தச் சலுகை விதிகளின்படி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து பணியாற்றியவர் ஆட்குறைப்புக்கு உள்ளானால் இழப்பீடு பெறத் தகுதியுடையவர். பணிக்காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாயின் ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் எனில் 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் எனில் 20 நாள். இது குறைந்த அளவேயாகும். சம்பளச் சீட்டுகளையும் வேலைக் கடிதத்தையும் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம். ஐயம் எழுந்தால் தொழிற்சங்கத்தையும் தொழிலாளர் இலாகாவையும் நாடுக.

இரண்டாவது, தொழிற்கல்வி. இழப்பீட்டுப் பணம் சில மாதங்களில் கரையும். கற்ற தொழில் ஆயுள் முழுதும் சோறு போடும். ஜொகூரிலேயே ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பத்து பகாட் அருகே பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும், பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் போலிடெக்னிக்கும் உள்ளன. எஸ்.பி.எம். தேர்வில் மிகச் சிறந்த தேர்ச்சி பெறாதவர்க்கும் சமூகக் கல்லூரிகளில் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. மின்கம்பி இணைப்பு, குளிர்சாதனப் பழுது, உலோக ஒட்டு வேலை முதலிய தொழில்களைக் கற்றவன் தோட்டம் போனாலும் நிலைத்து நிற்பான். விண்ணப்ப நாளைத் தவறவிட்டு வாய்ப்பிழப்போர் பலர். பிள்ளை நான்காம் படிவத்தில் இருக்கும்போதே பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரைப் பெற்றோர் சந்தித்துக் கேட்டறிதல் நன்று.

மிண்டனில் படைவீரர் விட்டுச்சென்ற கட்டடங்கள் தாமாகவே பல்கலைக்கழகமாகிவிடவில்லை. மக்கள் கேட்டனர், அரசு முன்வந்தது, ஆசிரியர் உழைத்தனர், மாணவர் வந்தமர்ந்தனர். நம் வட்டாரத்தில் நாளை எந்த நிலம் எதுவாக மாறினாலும், அங்கே எழும் கட்டடத்திற்குள் நம் பிள்ளை மாணவனாக நுழைகிறானா, அன்றி வாயிற்காவலனாக நிற்கிறானா என்பதை இன்றைய படிப்பே முடிவு செய்யும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. படைமுகாமைக் கல்விக்கூடமாக்குவதில் உள்ள நன்மைகள் யாவை? இடர்கள் யாவை?

2. 1971-இல் தொடங்கிய வளாகத்திற்கு வெளியிலான படிப்பு யாருக்குப் பயன்பட்டது?

3. ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் பால் உறைவது ஏன்? வீட்டில் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுக.

4. எட்டு ஆண்டு பணியாற்றிய தொழிலாளி ஆட்குறைப்புக்கு உள்ளானால், விதிப்படி குறைந்தது எத்தனை நாள் சம்பளம் பெறவேண்டும்?