எண்ணமும் செயலும்

மாணவர்களே! ஒருவரை அவர் மனத்தில் எழும் எண்ணத்தைக் கொண்டு மதிப்பிடலாமா? அவர் செய்யும் செயலைக் கொண்டு மதிப்பிட வேண்டுமா?

திருக்குறளில் இவ்வினாவிற்கு இருவேறு விடைகள் இருப்பதுபோல் தோன்றும். அறத்துப்பாலில் உள்ள ‘கள்ளாமை’ அதிகாரம், பிறர் பொருளைக் கவர மனத்தால் நினைப்பதும் தீது என்கிறது. பொருட்பாலில் உள்ள ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரமோ, ஒருவரது உயர்வு தாழ்வுகளை அறிய அவர் செயலே உரைகல் என்கிறது. பொற்கொல்லர் பொன்னைக் கல்லில் உரைத்து, அக்கோட்டின் நிறம் கண்டு மாற்று அறிவார் அன்றோ!

இவை முரண் அல்ல. முன்னது, நம் நெஞ்சை நாமே காத்துக்கொள்ளக் கூறிய அறம். பின்னது, பிறரை ஆராய்ந்து பணிக்குத் தேர்வோர்க்குக் கூறிய நெறி. தன் நெஞ்சைத் தான் அறியலாம். பிறர் நெஞ்சைக் காண இயலாது.

நம் நாட்டுச் சட்டமும் திருட நினைத்த அளவிலேயே ஒருவரைத் தண்டிப்பதில்லை. திருட முயன்றால் தண்டிக்கும். எனினும் அது எண்ணத்தை அறவே ஒதுக்குவதில்லை. நண்பனின் குடையைத் தன்னுடையது எனக் கருதி எடுத்துச் செல்வது திருட்டு ஆகாது; பிறருடையது என அறிந்தே கவர்வது திருட்டாகும். அவ்வெண்ணத்தையும் ஒருவரது சொல், நடத்தை ஆகியவற்றைக் கொண்டே நீதிமன்றம் உய்த்துணரும்.

ஆகவே, பிறரைச் செயலால் மதிப்போம். நம்மை எண்ணத்தாலும் அளந்து பார்ப்போம்.

சொற்பொருள்
மாற்று – பொன்னின் தரம்
உய்த்துணர்தல் – ஆராய்ந்து அறிதல்

சிந்தித்து விடை எழுதுக
1. இரு அதிகாரங்களின் கருத்துகளும் முரண்படாதது எவ்வாறு?
2. பரிசு பெற்ற தோழிமீது பொறாமை கொண்ட ஒருத்தி, அதனை அடக்கிக்கொண்டு அவளை வாழ்த்தினாள். அவளை நீ எவ்வாறு மதிப்பாய்? ஏன்?