லினக்ஸ் கணிப்பொறியில் ஸ்கேனர்
(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

நம் நெய்வேலி, பழுப்பு நிலக்கரியால் உருவான நகரியம். சுரங்கத்திற்காகப் பல சிற்றூர்கள் இடம் பெயர்ந்தன. அவ்வூர்களின் வீடும் வயலும் இன்று பழைய புகைப்படங்களிலும் பத்திரங்களிலும் மட்டுமே வாழ்கின்றன. நம் கடலூர் மாவட்டமோ புயலுக்கும் வெள்ளத்திற்கும் பழகியது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலைப் பெரியோர் இன்றும் மறக்கவில்லை. நனைந்து அழிந்த தாள் மீண்டும் வராது. ஆதலின் அவற்றை ஸ்கேனர் கொண்டு படமாக்கிச் சேமித்தல் நம் கடமையாகும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். அதன் வழியில் 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை உருவாக்கினார். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை ஆக்கியது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் அது இடம் பெற்றது.

ஸ்கேனருடன் வரும் குறுந்தகடு பெரும்பாலும் விண்டோஸுக்கே உரியது. அதனால் லினக்ஸில் ஸ்கேனர் இயங்காது எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ‘சேன்’ என்னும் இலவச மென்பொருள் இதற்கென்றே உள்ளது. அதில் ஒவ்வொரு வகை ஸ்கேனருக்கும் ஒரு துணைநிரல் உண்டு. அது கணிப்பொறிக்கும் ஸ்கேனருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் போன்றது. இனி, செய்முறையைக் காண்போம்.

1. சேன் வெளியிட்டுள்ள பட்டியலில் நம் ஸ்கேனரின் பெயர் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே பார்ப்பது நன்று.

2. யு.எஸ்.பி. கம்பியை இணைத்து, ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்னும் கட்டளையை இட வேண்டும். பட்டியலில் ஸ்கேனர் வராவிட்டால் கம்பியையும் மின்சாரத்தையும் சோதிக்க வேண்டும்.

3. சேன் மென்பொருளை நிறுவி, ‘சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்’ கட்டளையை இட வேண்டும். இது ஸ்கேனர் இணைந்துள்ளதா என்று மட்டும் சொல்லும். அடுத்து, ‘ஸ்கேன்இமேஜ்’ என எழுதி, இடைவெளி விட்டு, சிறு கோடும் பெரிய எழுத்து ‘எல்’லும் இட்டால், துணைநிரல் அதை அறிந்துகொண்டதா என்பது தெரியும்.

4. முதற்கட்டளை கண்டதை இரண்டாவது காணாவிடில், நிர்வாகியாக நுழைந்து முயல வேண்டும். அப்போது இயங்கினால் குறை அனுமதியில்தான். நம் பெயரை ‘ஸ்கேனர்’ என்னும் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். காலையில் வருகைப் பதிவு முடிந்தபின் சேர்ந்த மாணவியின் பெயர் மறுநாள்தானே அழைக்கப்படும்! அதுபோலவே இதுவும்.

5. நிர்வாகிக்கும் இயங்காவிடில் துணைநிரல் இல்லாதிருக்கலாம். சில ஸ்கேனர்களுக்கு நிறுவனத்தார் தரும் ஃபெர்ம்வேர் கோப்பும் தேவை. அது பெரும்பாலும் அந்தக் குறுந்தகட்டிலேயே இருக்கும்.

யுனிக்ஸ், பலர் கூடிப் பயன்படுத்தும் கணிப்பொறிக்காக வளர்ந்தது. எனவேதான் யார் எதைத் தொடலாம் என்ற ஒழுங்கு அதில் உள்ளது. இது தடையன்று, காவலே.

எழுத்துள்ள தாளுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். அவ்வளவில் ஒரு ஏ4 தாள் 2480க்கு 3508 புள்ளிகளாகும். வண்ணத்தில் சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 26 மெகாபைட். சாம்பல் நிறத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கே. சிறிய புகைப்படத்திற்கு 600 புள்ளிகள் நன்று. படங்களை இரண்டு இடங்களில் சேமிப்பது அறிவுடைமை.

தோழியரே! பழைய ஸ்கேனரைக் குப்பையில் எறியுமுன் ஒருமுறை லினக்ஸில் இணைத்துப் பாருங்கள். விடுமுறையில் பாட்டியின் பெட்டியைத் திறந்து, படத்திலிருப்போரின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். ஸ்கேனர் முகத்தைக் காக்கும். பெயரைக் காப்பது நம் பொறுப்பு.